ஒன்பதாம் எண்ணுக்குப் பெயர் இல்லை

அத்தியாயம் 6

"உங்க நாயை வெளியில கட்டிட்டு வந்து பேசுங்க" என்றாள் பேராசிரியை நாசிரா இப்ராயிமோவா.

விதாலி லிகாய் சுற்றுமுற்றும் பார்த்தான். பல்கலைக்கழகத்தின் நான்காம் மாடி அறையில் நாய் எதுவும் தென்படவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் பேராசிரியை. இந்தப் பக்கம் அவனும் உல்கானும். கூட்டிக் கழித்துப் பார்த்ததில் மிச்சம் அவன்தான்.

"எஜே, என்னைத்தான் சொல்றாங்க" என்றான் உல்கானிடம். பிஷ்கெக்கில் பிறந்த கொரியன் அவன். ஆனாலும் வயதில் பெரிய பெண்ணை ஊர் வழக்கப்படி எஜே என்றுதான் கூப்பிடுவான்.

"தெரியுது. உட்காரு."

"பாத்தீங்களா, உட்காருன்னதும் உட்கார்ந்துட்டேன். அவங்க சொன்னதுல தப்பே இல்ல."

உல்கான் சிரிக்கவில்லை. பதினெட்டு வருஷம் போலீஸில் இருந்துவிட்டு, ஒரு நாள் தொப்பியை மேலதிகாரி மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்தவள். ஐம்பத்திரண்டு வயது. தனியாகத் துப்பறிய ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த மூன்று வருஷத்தில் அவள் சிரித்து விதாலி பார்த்தது இரண்டு தடவை. இரண்டு தடவையும் யாரோ கைதானார்கள்.

அவள் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"உங்க புத்தகத்தோட பக்கம்தானே?"

நாசிரா பார்த்தாள். முகம் சிவந்தது. "இது இன்னும் அச்சே ஆகல. உங்க கைக்கு எப்படி வந்துச்சு? இது திருட்டு."

"நேத்து சாயங்காலம் ஒரு பொண்ணோட கதவுக்கு அடியில யாரோ தள்ளிட்டுப் போயிருக்காங்க. இதுல 'பங்கேற்பாளர் ஒன்பது'ன்னு போட்டிருக்கீங்களே, அது அவ."

அவள் பெயரை உல்கான் சொல்லவில்லை. சொல்வதாகவும் இல்லை.

காலை எட்டு மணிக்கு, கோச்கோர் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் வேனைப் பிடித்து உல்கானைத் தேடி வந்திருந்தாள் அந்தப் பெண், சிர்கா. பல்வலி என்று மாமியாரிடம் பொய். இருபத்தாறு வயது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நடுத்தெருவில் காருக்குள் தூக்கிப் போட்டுக்கொண்டு போய், தலையில் வெள்ளை முக்காட்டைப் போட்டு மருமகளாக்கிய வீடு அது. போன குளிர்காலத்தில் லாரி கவிழ்ந்து புருஷன் செத்துப்போனான். இப்போது அவன் தம்பிக்கே அவளைக் கட்டிவைக்கப் பேச்சு நடக்கிறது. தம்பிக்கு வயது பத்தொன்பது. அவனையும் யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண விருந்தைச் சாக்கு வைத்து நாலு வயது மகளோடு பிஷ்கெக் வரப்போகிறாள். திங்கள்கிழமை காலை நோவோசிபிர்ஸ்க் விமானம். அங்கே அவள் அக்கா இருக்கிறாள். அதுவரைக்கும் மாமனார் காதில் ஒரு சொல் விழக்கூடாது. விழுந்தால் அவளை மட்டும் வாசலைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். குழந்தை அந்த வீட்டு ரத்தம். அது எங்கேயும் போகாது.

எட்டு மாதத்துக்கு முன்னால், 'தூக்கிவரப்பட்ட மருமகள்கள்' என்ற ஆராய்ச்சிக்காக நாசிரா வந்தபோது சிர்கா மனம்விட்டுப் பேசியிருந்தாள். குழந்தைக்கு ரகசியமாகப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருப்பதைக்கூட. பெயர் வராது, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு நீல அட்டையைக் கையில் கொடுத்திருந்தார்கள்.

நாளைக்கு, சனிக்கிழமை, கோச்கோர் கலாசார மண்டபத்தில் புத்தக வெளியீடு. முதல் பிரதியை வாங்கப்போகிறவர் வட்டாரப் பெரியவர்கள் மன்றத்தின் தலைவர். அவர்தான் சிர்காவின் மாமனார்.

"ஒன்பது யாருன்னு எனக்கே தெரியாது" என்றாள் நாசிரா. "பேர்ப் பட்டியலை மார்ச் மாசமே எரிச்சுட்டேன். எந்தப் பேச்சு யாரோடதுன்னு கடவுளுக்குத்தான் தெரியும். அவர் என் துறையில வேலை செய்யல."

"அவ விலகிக்கணும்ங்கறா. உங்க அட்டையில இருந்த நம்பருக்கு ஏழு தடவை போன் பண்ணியிருக்கா. ஒருத்தரும் எடுக்கல."

"பட்டியல் எரியற வரைக்கும் விலகலாம். படிவத்துல இருக்கு. படிச்சுத்தான் கையெழுத்துப் போட்டா. இப்ப எதை எடுக்கச் சொல்றீங்க? முப்பத்தோரு பேர் பேசியிருக்காங்க. ஒன்பது நான்தான்னு ஒருத்தி வருவா. நாளைக்கு இன்னொருத்தி வந்து பதினாலு நான்தான்னு சொல்லுவா. அடுத்த நாள் அவ புருஷன் வருவான். ஒவ்வொருத்தருக்கா கிழிச்சுக் கொடுத்தா கடைசியில புத்தகத்தோட அட்டைதான் மிஞ்சும்."

"அட்டை நல்லாத்தான் இருக்கு" என்றான் விதாலி, சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து. "உங்க பேர் எவ்வளவு பெரிசு!"

நாசிரா அவனைப் பார்க்கவே இல்லை. உல்கானை நோக்கி விரலை நீட்டினாள். "மூணு வருஷம். கார் போகாத ஊருக்கெல்லாம் குதிரையில போனேன். இந்தப் பொண்ணுங்களுக்காக இந்த நாட்டுல வேற யார் வாயைத் திறந்தா? நீங்க போலீஸ்ல இருந்தப்ப எத்தனை பேரைப் பிடிச்சு உள்ள போட்டீங்க?"

"ரெண்டு பேர்" என்றாள் உல்கான். "பதினெட்டு வருஷத்துல."

 நாசிரா விரலை மடக்கிக்கொண்டாள்.

உல்கான் சிர்காவின் படிவ நகலை விரித்து, நிதானமாக வாசித்தாள். "நாலாவது விதி. 'பேச்சை வைத்தே ஆளை அடையாளம் காண முடியும் என்று தெரியவந்தால், கேட்ட உடனே, காரணம் கேட்காமல் அந்தப் பகுதி நீக்கப்படும்.' இது நீங்க எழுதினதா?"

"பல்கலைக்கழக நெறிக் குழு போடச் சொன்னது. சும்மா ஒரு சம்பிரதாயம். பேர், ஊர், வயசு, ஆறு, மலை, பள்ளிக்கூடம் எல்லாத்தையும் என் கையால எடுத்திருக்கேன். எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது."

"முடிஞ்சா?"

நாசிரா எழுந்து கதவைத் திறந்தாள். "மூணு மணிக்கு அச்சகத்துல கடைசிக் கையெழுத்துப் போடறேன், ராத்திரியே அச்சேறும். அதுக்குள்ள முடிஞ்சா அங்க வாங்க. நாய் வேண்டாம்."

*

விதாலியின் கார் ஜப்பானில் செய்தது. ஸ்டியரிங் வலது பக்கம். ஊரில் ஓட்டுவதும் வலது பக்கம். அதனால் முந்திப் போகவேண்டுமென்றால் இடது சீட்டில் இருக்கும் உல்கான் எட்டிப் பார்த்து "போ" என்று சொல்லவேண்டும். பின்சீட்டில் சிர்கா முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுச் சுருண்டிருந்தாள்.

"முடியாதுன்னுட்டாங்களா எஜே?"

"மூணு மணி வரைக்கும் நேரம் கொடுத்திருக்காங்க."

"இந்தப் பக்கத்தை வித்தவன் யாருன்னு எனக்குத் தெரியும்" என்றான் விதாலி. "பேட்டி டேப்பைக் கேட்டுக் காகிதத்துல எழுத ஒரு மாணவன் இருப்பானே, அவன்தான். படிக்கிற பசங்களுக்கு எப்பவும் பசி. ஒரு தட்டு லக்மான் நூடுல்ஸுக்கு என்னையே வித்துடுவாங்க."

"அவன் வித்தா அவன் எழுதின காகிதம் வந்திருக்கும். இதோட நாலு மூலையையும் பாரு."

விதாலி சிவப்பு விளக்கில் நிறுத்திப் பார்த்தான். பக்கத்தின் நாலு மூலையிலும் மெல்லிய குறுக்குக் கோடுகள்.

"தாளை எங்க வெட்டணும்னு அச்சகத்துல போடற அடையாளம். இது பல்கலைக்கழகத்தை விட்டு வெளிய வந்த காகிதம் இல்ல. அச்சகத்தை விட்டு வந்தது. எதிரி அங்க இருக்கான். சரி, அடிக்கோட்டைப் பாரு."

"பாத்தேன். சிவப்பு மை. ரத்தம் மாதிரி இருக்கட்டும்னு நினைச்சிருப்பான்."

"எதுக்கு அடியில போட்டிருக்கு?"

விதாலி சத்தமாக வாசித்தான். "'பனிக்காலத்தில் ஊளைக்காரன் ஆட்டுக் கிடைக்குள் இறங்கியபோது வீட்டில் ஆண்கள் இல்லை. அடுப்பு மூலையில் கிடந்த கனத்ததை எடுத்துக்கொண்டு நான்தான் போனேன்.' ஊளைக்காரனுக்கு ஒரு கோடு. கனத்ததுக்கு ஒரு கோடு." உதட்டைப் பிதுக்கினான். "மூணு வரி கீழ 'குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன்'னு இருக்கு. அதை விட்டுட்டான். மிரட்டறவனுக்கு மிரட்டவே தெரியல, எஜே. புது ஆளு போல."

"போ" என்றாள் உல்கான்.

"என்ன?"

"வண்டியை எடு. பச்சை விழுந்தாச்சு."

அவள் பின்னால் திரும்பினாள். "சிர்கா, உன் மாமனார் முழுப் பேர் என்ன?"

சிர்கா கீழே பார்த்தாள். "வீட்டுப் பெரியவர்."

"மூத்த மச்சினர்?"

"அவரும்... பெரியவர்தான்."

"பயப்படாதம்மா" என்றான் விதாலி கண்ணாடியில் பார்த்து. "இந்தக் காருக்குள்ள ஒட்டுக் கேட்கிற கருவி எல்லாம் கிடையாது. ரேடியோவே வேலை செய்யாது."

சிர்கா தலையை மட்டும் ஆட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். உண்மையாகவே பல்வலி வந்துவிட்டதோ என்று அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

உல்கான் அதற்குமேல் கேட்கவில்லை. போனை எடுத்துக் கோச்கோர் தபால் நிலையத்தில் இருக்கும் யாரோ ஒருத்தியைக் கூப்பிட்டாள். ஒரு விருந்துக்கு அழைப்பு அனுப்பவேண்டும், வீடு மறந்துபோயிற்று என்பதுமட்டும் விதாலி காதில் விழுந்தது. மிச்சத்தை முணுமுணுத்தாள். பேச்சு ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"என்ன கிடைச்சுது?"

"பசி" என்றாள் உல்கான். "சம்சா வாங்கு. ஆட்டிறைச்சி போட்டது. சந்தைக்குப் பின்னாலதான் அச்சகம்."

ஆளுக்கு ஒரு சம்சாவைக் கையில் பிடித்துக்கொண்டு அச்சக வாசலில் வண்டியை நிறுத்தியபோது மணி இரண்டரை. மாடி ஜன்னலில் ஒரு பெண் நின்று, சிகரெட் சாம்பலைத் தட்டிக்கொண்டிருந்தாள். சிர்கா அவளைப் பார்த்தாள். அடுத்த விநாடி சீட்டில் ஆளைக் காணோம். காருக்கு அடியில் போய்விடுவாள்போல் இருந்தது.

"ஐயோ, கலிபா எஜே! எங்க வீட்டு மூத்த மருமக. என் ஓரகத்தி!" குரல் சீட்டுக்கு அடியிலிருந்து வந்தது. "புத்தகக் கம்பெனியில வேலைன்னு தெரியும். இதுதான்னு தெரியாது. பன்னெண்டு வருஷமா பட்டணத்துலதான் குடித்தனம். என்னைக் கண்டாலே ஆகாது. பேசவே மாட்டாங்க."

விதாலி சம்சாவைக் கீழே வைத்தான். கேஸ் முடிந்த மாதிரி அவனுக்கு இருந்தது. "கதவுக்கடியில தள்ளுறதுக்கு வேற ஆள் வேணுமா? குடும்பத்துக்குள்ளயே கத்தி. உன் கதை அவங்களுக்குத் தெரியும், பக்கத்தைப் பாத்ததும் நீதான்னு புரிஞ்சிருக்கும். போய் அமுக்கலாமா எஜே?"

"அமுக்கினா நாசிரா என்ன சொல்லுவா? சொந்தக்காரி, ஏற்கெனவே கதை தெரியும், அதனால கண்டுபிடிச்சா, என் புத்தகத்துல ஓட்டை இல்லன்னு சொல்லுவா." உல்கான் விரலில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டாள். "நமக்கு வேண்டியது ஆள் இல்ல, விதாலி. ஓட்டை."

*

மெய்ப்புப் பார்க்கிற அறையில் இரண்டு மேஜைகள். ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் அச்சுத்தாளைப் பார்த்துக்கொண்டே பிழை திருத்துவது அந்த அச்சகத்து வழக்கம். வாசிக்கிறவர் இன்று விடுப்பு. கலிபா மட்டும் சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். நாற்பதை நெருங்குகிற வயது. கட்டையாக வெட்டிய முடி.

"வெளி ஆளுங்க உள்ள வரக்கூடாது. போர்டு இருக்கு. படிக்கத் தெரியும்தானே?"

"எனக்குப் படம் போட்டாத்தான் புரியும்" என்றான் விதாலி.

"பேராசிரியை நாசிராவுக்காகக் காத்திருக்கோம்" என்றாள் உல்கான். சொன்னதில் பொய் இல்லை. மேஜையில் கிடந்த ஒரு சிறுவர் புத்தகத்தை எடுத்துப் புரட்டிக்கொண்டே நின்றாள். கலிபாவின் கண் அவள் கையையே தொடர்ந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நாசிரா உள்ளே வந்தாள். பின்னால் அச்சக மேலாளர், கையில் கோப்போடு. உல்கானைப் பார்த்ததும் நாசிரா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "மூணாகப் பத்து நிமிஷம். கண்டுபிடிச்சுட்டீங்களா?"

உல்கான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த சிறுவர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, கலிபா பக்கம் திரும்பினாள். "இந்தப் புத்தகத்துக்கு மெய்ப்புப் பாத்தது யாரு?"

"நான்தான். ஏன்?"

"பதினாறாம் பக்கத்துல பிழை இருக்கு."

கலிபா எழுந்தேவிட்டாள். "என் பக்கத்துலயா?"

"கண்ணு தெரியாதவங்க பாத்த மாதிரி இருக்கு."

"பதினோரு வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். ஒருத்தன் இப்படிச் சொன்னதில்ல. எங்க? எந்த வரி? கொடுங்க இப்படி!" புத்தகத்தைப் பிடுங்கினாள். பதினாறாம் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக முகத்தில் எறிகிற மாதிரி வாசிக்க ஆரம்பித்தாள். "'பனி கொட்டியது. பசியோடு வந்த ஊளைக்காரன் கனத்த கதவை முகர்ந்து பார்த்தது. கனத்த கதவு திறக்கவில்லை. ஊளைக்காரனுக்குக் கோபம் வந்தது.' இதுல எங்க பிழை? சொல்லுங்க, எங்க?"

"கொஞ்சம் இருங்க" என்றார் மேலாளர். எட்டிப் பார்த்தார். "அங்க 'ஓநாய்'னுல்ல இருக்கு? 'இரும்புக் கதவு'ன்னுல்ல இருக்கு?"

கலிபா புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு உல்கானைப் பார்த்தாள். முகத்தில் இருந்த கோபம் அப்படியே இருந்தது. நிறம் மட்டும் போய்விட்டது.

"பக்கத்துல பிழை இல்ல. மன்னிச்சுக்கங்க" என்றாள் உல்கான். "மருமக வாய்க்குப் பழகினது. புகுந்த வீட்டுப் பெரிய ஆம்பளைங்க பேரை மருமக சொல்லக்கூடாது. பேர்ல இருக்கிற சொல்லையும் சொல்லக்கூடாது. உப்பு, கல்லு, எதுவா இருந்தாலும் வேற பேர் கண்டுபிடிச்சுக்கணும். நானே இருபது வருஷம் உப்பை 'வெள்ளை'ன்னு சொல்லிட்டிருந்தேன். விவாகரத்து ஆகி நாலு வருஷம் கழிச்சுத்தான் உப்புன்னு வந்துச்சு." நாசிரா பக்கம் திரும்பினாள். "நாளைக்கு உங்ககிட்ட முதல் பிரதி வாங்கப்போறவர் பேரு போருபாய். போருன்னா ஓநாய். அவர் மூத்த பிள்ளை பேரு தெமிர்."

"இரும்பு!" என்றான் விதாலி. தன்னையறியாமல் கத்திவிட்டான்.

"ஓநாய்ங்கற பேர்ல மாமனாரு நூறு வீட்டுல இருப்பாங்க. இரும்புங்கற பேர்ல மூத்தவன் இருநூறு வீட்டுல இருப்பான். ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கிற வீடு எதுன்னு கோச்கோருக்கு ஒரே ஒரு போன் பண்ணேன். அந்தம்மா யோசிக்கக்கூட இல்ல. வாசல் நிறத்தையே சொல்லிட்டா. பேரு, ஊரு, ஆறு, மலை எல்லாத்தையும் எடுத்தீங்க, பேராசிரியை. அவ சொல்லாம விட்ட ரெண்டு பேரையும் விட்டுட்டீங்க."

நாசிரா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். பட்டணத்தில் பிறந்து, ரஷ்ய மொழிப் பள்ளியில் படித்து, மாமியார் இல்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். "நான் அதை..." என்று ஆரம்பித்தாள். "கவித்துவமா பேசறாங்கன்னு நினைச்சேன். 'ஊளைக்காரன் இறங்கிய குளிர்காலம்'. அந்த அத்தியாயத்துக்குத் தலைப்பே அதுதான்."

"பெரிய எழுத்துலயா?" என்றான் விதாலி.

அடுத்த நிமிஷமே நாசிரா நிமிர்ந்துவிட்டாள். மூன்று வருஷக் குதிரைச் சவாரி சும்மா போய்விடுமா? மேலாளரிடம் திரும்பினாள். "ஊளைக்காரனை ஓநாய்னு மாத்துங்க. கனத்ததை இரும்புக் கம்பின்னு மாத்துங்க. தலைப்பையும் மாத்திடலாம். எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருபது நிமிஷம்" என்றார் மேலாளர்.

"போதும். இப்ப எவனும் கண்டுபிடிக்க முடியாது."

 இருபது நிமிஷத்தில் ஜெயித்த ஆட்டம் தோற்றுப்போனது.

"விதியில 'நீக்கப்படும்'னு இருக்கு" என்றாள் உல்கான். குரல் உயரவில்லை. "'திருத்தப்படும்'னு இல்ல. ரெண்டு சொல்லைக் கண்டுபிடிச்சது நான். எனக்குத் தெரியாத மூணாவது சொல்லு எத்தனை இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நாசிராவுக்குத் தெரியாது. அது அவள் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் கைப்பையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து மேஜையில் தள்ளினாள். "சரி. விலகல் படிவம். முழுப் பேர், ஊர், கையெழுத்து. துறைக் கோப்புல இருக்கும். தணிக்கைக்கு யார் கேட்டாலும் காட்டணும். அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க, எழுதிக் கொடுக்கட்டும். எழுதிட்டா எடுத்துடறேன்."

ரகசியத்திலிருந்து வெளியே வர ஒரே வழி, ரகசியத்தைக் கொட்டிவிடுவது. விதாலி உல்கானைப் பார்த்தான். உல்கான் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

சிவப்புப் பேனா ஒன்று குறுக்கே வந்தது.

கலிபா படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, மடமடவென்று எழுதினாள். பெயர். புகுந்த ஊர். கையெழுத்து. "எடுங்க. ஒன்பது நான்தான்."

"என்ன உளறல் இது?" என்றாள் நாசிரா.

"என்னையும் அந்த வீட்டுக்குத் தூக்கிட்டுத்தான் வந்தாங்க. பதினாறு வருஷம் ஆச்சு. நானும் ஊளைக்காரன்னுதான் சொல்லுவேன், இப்ப எல்லாரும் கேட்டீங்களே. எனக்கும் பிள்ளைங்க இருக்கு, பாஸ்போர்ட் இருக்கு. புத்தகம் வெளிய வந்தா பெரியவர் முதல்ல யாரைப் பிடிப்பாரு? அச்சகத்துல வேலை பாக்கறவளை. ஒன்பது நான். எடுங்க."

"நீங்க இல்ல! நான் உட்கார்ந்து பேசினது சின்னப் பொண்ணு. புருஷன் போயி..."

நாசிரா நிறுத்திக்கொண்டாள். ஆனால் தாமதமாக.

"எந்தப் பேச்சு யாரோடதுன்னு கடவுளுக்கு மட்டும்தான் தெரியும்னீங்களே?" என்றாள் உல்கான். "பட்டியலை எரிச்சாச்சுன்னீங்க. அப்ப ஒன்பது இவங்க இல்லைன்னு எதை வச்சு மறுப்பீங்க? ஞாபகத்தை வச்சா? சாட்சிக்கு மேலாளர் இருக்காரு. நெறிக் குழு முன்னால போயி, பட்டியல் என் தலைக்குள்ள இருக்குன்னு சொல்லுவீங்களா?"

மேலாளர் அவசரமாகக் கூரையைப் பார்த்தார்.

நாசிரா அந்தப் படிவத்தை எடுத்துப் பைக்குள் திணித்தாள். பிறகு மேலாளரின் கோப்பை வாங்கித் திறந்து, பன்னிரண்டு தாள்களை உருவி, ஒவ்வொன்றின் மேலும் குறுக்கே கோடு கிழித்தாள். பேனா தாளைக் கிழித்துவிடும்போல் இருந்தது. "புத்தகத்துல இருக்கிறதிலேயே நல்ல அத்தியாயம் இதுதான்" என்றாள் யாரிடமும் இல்லாமல். "இந்த ஒண்ணைப் படிச்சாலே சட்டத்தை மாத்தியிருப்பாங்க."

"இருக்கலாம்" என்றாள் உல்கான். "அதுக்குள்ள அவ கையை விட்டுக் குழந்தை போயிருக்கும்."

*

படியிறங்கும்போது கலிபாவும் கூடவே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. விதாலி பின்னாலேயே இறங்கினான்.

"அப்ப நீங்க மிரட்டல?"

"மிரட்டவா?" கலிபா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நேத்து வேன் பிடிச்சு ஊருக்கே போயி, எந்தச் சொல்லால அவ மாட்டுவான்னு காட்டினேன். மிரட்டறவ பாஸ்போர்ட் வரியை விடுவாளா? அந்த மட்டிக்கு அதுகூடப் புரியல."

அந்த மட்டி காரின் பின்சீட்டில் இருந்தாள். கலிபா குனிந்து கண்ணாடியைத் தட்டினாள். சிர்கா மெல்லக் கதவைத் திறந்து, இறங்கித் தலைகுனிந்து நின்றாள். மூத்த மருமகள் முன்னால் சின்ன மருமகள் உட்காரக்கூடாது.

"எஜே, நான்..."

"பேசாத. நீ பேசினதுதான் இவ்வளவும்." கலிபாவின் குரலில் ஈரமே இல்லை. "என் பேரு இப்ப ஒரு கோப்புல கிடக்கு. என் புருஷனுக்குத் தெரிஞ்சா என்ன நடக்கும்னு உனக்குத் தெரியும். உன்னை எனக்குப் பிடிக்காது. வந்த நாள்ல இருந்தே பிடிக்காது. வாசல்ல நான் எப்படி அழுதேனோ அப்படியே அழுதே. பார்க்கச் சகிக்கல."

சிர்காவின் தோள் குலுங்கியது.

"நாலு மணி வேனைப் பிடி. வலது கன்னத்துல பஞ்சு வச்சுக்க, பல்லுப் பிடுங்கினதா சொல்லு. நாளைக்கு அந்த மண்டபத்துல அவர் பக்கத்துலயே உட்காரு, சிரிச்சுக்கிட்டே இரு." கலிபா சிகரெட்டைப் பற்றவைத்தாள். மூன்று குச்சி வீணாயிற்று. "திங்கக்கிழமை விமானம்தானே? பட்டணத்துல உனக்குப் பயணச்சீட்டு வாங்கிக் கொடுத்தவன் எனக்கும் தெரிஞ்சவன்தான். எல்லாம் கேட்டாச்சு."

"ஆமா எஜே."

"குழந்தையைத் தூக்கிட்டு ஏறிடு. பின்னால திரும்பிப் பார்த்தே, மனசு கேட்கலன்னு இறங்கினே, அன்னைக்கே நானே பெரியவர்கிட்ட போயி எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

சொல்லிவிட்டு, அச்சகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.